வெறும் பக்கத்துக்கு ஜோடி எது?

பெட்டியின் மேல் "கணக்கு கற்றுத்தரும் விளையாட்டு" என்று அச்சடித்துவிட்டால் உள்ளே கணக்கு இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். இரண்டு பாதியிலும் புள்ளி போட்ட கட்டைகளை, ஒரே எண்ணிக்கையுள்ள முனைகள் ஒட்டும்படி வரிசையாக வைத்துக்கொண்டே போகும் டோமினோவுக்கு அந்தப் பேர் எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது. கட்டைகளில் புள்ளி இருக்கிறது, புள்ளியே இல்லாத வெறும் பக்கம் தொடங்கி ஆறு வரைக்கும் எண்ணிக்கை இருக்கிறது, குழந்தையும் உட்கார்ந்து ஆடுகிறது. கூட்டல் தானாக வந்துவிடாதா? வராது என்பதுதான் என் எண்ணம். அதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவும் முடியவில்லை. ஏனென்றால் அதே பெட்டியிலிருந்து கணக்கு வந்ததையும் பின்னால் பார்த்துவிட்டேன்.

அக்கா மகளுக்கு ஐந்து வயது. என்னோடு டோமினோ ஆடினால், நான் விட்டுக்கொடுக்காமலேயே ஜெயிப்பாள். ஆனால் ஆடும்போது அவள் எண்ணுவதே இல்லை. ஐந்துக்கு அவள் வைத்த பேர் பூ. ஆறு என்றால் ஏணி, நாலு ஜன்னல், குறுக்கே சரிந்து நிற்கும் மூன்று சறுக்குமரம். "மாமா, பூவுக்குப் பூதான் வைக்கணும், நீங்க ஜன்னலை வைக்கிறீங்க" என்று என்னைத் திருத்துவாள். "சரி, இந்தப் பூவுல எத்தனை புள்ளி?" என்று கேட்டால் விரல் வைத்து ஒன்றிலிருந்து ஆரம்பித்து ஐந்தில் கொண்டுவந்து சரியாக நிறுத்துவாள். ஆனால் அந்த ஐந்து ஆட்டத்துக்குத் தேவைப்படவே இல்லை. புள்ளிகளை அழித்துவிட்டு ஏழு வகைக் கோலத்தை வரைந்து வைத்திருந்தாலும் இதே சாமர்த்தியத்தோடு ஆடி ஜெயித்திருப்பாள்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். "எல்லாத்துலயும் பாடம் நடத்தணுமாடா? சும்மா விளையாடட்டும், விடு" என்றாள். நியாயமான பேச்சு. விளையாட்டு விளையாட்டாகவே இருக்கட்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கணக்கே இல்லாத ஆட்டத்தைக் கணக்கு என்று சொல்லி நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்வது ஒரு பக்கம். கணக்கைப் புகுத்துகிறேன் பேர்வழி என்று ஆட்டத்தையே கொன்றுவிடுவது இன்னொரு பக்கம். பெரும்பாலான வீடுகளில் இந்த இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. உறுத்தியது அதுதான்.

எதைச் செய்கிறோமோ அதுதான் படிகிறது

அமெரிக்காவில் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தில் உதவும். வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த, பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகள். நேர்க்கோட்டில் பத்துக் கட்டங்கள் கொண்ட ஒரு பலகை. ஒரு குழுவுக்குக் கட்டங்களில் 1 முதல் 10 வரை எண்கள். இன்னொரு குழுவுக்கு அதே பலகை, ஆனால் எண்ணுக்குப் பதில் வண்ணங்கள். இரண்டு வாரத்துக்குள் நாலு தடவை, தடவைக்குக் கால் மணியிலிருந்து இருபது நிமிடம். எண் பலகையில் ஆடியவர்கள் எண்ணுவதிலும், எண் உருவை அடையாளம் காண்பதிலும், இரண்டில் எது பெரிது என்று சொல்வதிலும் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. வண்ணப் பலகைக் குழந்தைகளிடம் அப்படி எதுவும் நிகழவில்லை. பலகை ஒன்று, நகர்த்தல் ஒன்று, கூட உட்கார்ந்த பெரியவர்களின் கவனிப்பும் ஒன்றுதான். வாய் எதைச் சொன்னது, கண் எதைப் பார்த்தது என்பதில்தான் வேறுபாடு.

பூவுக்குப் பூ வைக்கும் டோமினோ அந்த வண்ணப் பலகைக்குப் பக்கத்து வீடுதான்.

எலிடா லாஸ்கியோடு சேர்ந்து சீக்லர் 2014இல் செய்த இன்னொரு ஆய்வு இன்னும் நுணுக்கமானது. நூறு வரை போகும் பலகை. காய் 25இல் நிற்கிறது, இரண்டு நகர வேண்டும். ஒரு குழு "ஒன்று, இரண்டு" என்று எண்ணி நகர்த்தியது. இன்னொரு குழு "இருபத்தாறு, இருபத்தேழு" என்று கட்டத்தில் இருந்த எண்ணைச் சொல்லி நகர்த்தியது. இரண்டாவது குழுவுக்குத்தான் எண்களின் இருப்பிடமும் அளவும் நன்றாகப் பிடிபட்டன. பார்க்கப்போனால் அற்ப வேறுபாடு. கூட உட்கார்ந்து ஆடும் பெரியவர் பழக்கதோஷத்தில் "ஒன்று, இரண்டு" என்றே எண்ணிக் காட்டினால் பலகை வாங்கிய காரியத்தில் பாதி அங்கேயே போய்விடுகிறது.

ஒப்பிப்பதை நான் மட்டம் தட்டவில்லை. எங்கள் வீட்டுக் குட்டியும் நூறு வரை தடதடவென்று ஒப்பிப்பாள், வந்தவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் தரையில் ஏழு காய்களை வைத்து எண்ணச் சொல்லி, எண்ணி முடித்ததும் "ஆக மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், போன வருடம்வரை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தத்தின் அளவு என்பது குழந்தைகளுக்குத் தனியாகப் பிடிபட வேண்டிய ஒரு விஷயம். ரோசல் கெல்மனும் ராண்டி காலிஸ்டலும் 1978இல் எண்ணுதலுக்கு ஐந்து விதிகளை வகுத்தபோது இதையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். கைதட்டு வாங்கித்தரும் நூறுக்கும் "மொத்தம் ஏழு" என்று சொல்லத் தெரிவதற்கும் நடுவில் நிறைய தூரம்.

சுங்கச்சாவடிக் கணக்கு

கணக்கைப் புகுத்த எளிய வழி ஒன்று உண்டு, எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். கட்டையின் ஒரு பாதியில் "3 + 4" என்று அச்சடித்திருக்கும், இன்னொரு கட்டையில் "7". விடை சொன்னால்தான் வைக்கலாம். கைபேசி விளையாட்டுகளில் இன்னும் மோசம்: ஐந்து கணக்குப் போட்டால் முயலுக்குத் தொப்பி கிடைக்கும். இவற்றை நான் சுங்கச்சாவடிக் கணக்கு என்பேன். பயணம் வேறெங்கோ இருக்கிறது. நடுவில் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டணம் கட்டுவதை யாரும் விரும்பிச் செய்வதில்லை. குழந்தையும் சீக்கிரம் குறுக்குவழி கண்டுபிடித்துவிடும். விடையை ஊகிக்கும், பெரியவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும், தொப்பி கிடைத்ததும் கணக்கை மறந்துவிடும். ஒரு பிறந்தநாள் வீட்டில் இப்படிப்பட்ட அச்சுக்கட்டைகளை வைத்துக்கொண்டு ஒரு பையன் ஆடுவதைப் பார்த்தேன். "3 + 4" கட்டையின் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் இருந்தது. அவன் கூட்டவில்லை, கீறலைப் பார்த்துத்தான் ஏழை எடுத்தான். கெட்டிக்காரன். அவனுக்கு அங்கே கணக்கு தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

கணக்கே நகர்த்தலாக இருக்க வேண்டும். எந்தக் கட்டையை எங்கே வைக்கலாம் என்பதைக் கணக்கைத் தவிர வேறெதுவும் தீர்மானிக்கக் கூடாது. டோமினோவில் இதற்குப் புதுக் கட்டை வாங்க வேண்டியதில்லை. விதியில் ஒரு வரியை மாற்றினால் போதும்: தொடும் இரண்டு முனையும் ஒன்றாக இருக்க வேண்டாம், கூட்டினால் ஆறு வர வேண்டும்.

"இன்னைக்கு ஆறு ஆட்டம். ஒட்டுற ரெண்டு பக்கமும் சேர்ந்து ஆறு ஆகணும்" என்றேன். முதலில் எரிச்சல்பட்டாள். பூவுக்குப் பூ வைக்க முடியாதாமே! ஒரு கையில் ஐந்து விரல், இன்னொரு கையில் ஒன்று என்று ஆறு விரலை நீட்டிவைத்து, வரிசையின் முனையில் நாலு இருந்தால் நாலை மடக்கி, மிச்சம் நிற்கும் இரண்டைத் தேடினாள். பூவும் ஜன்னலும் பேச்சில் குறைய ஆரம்பித்தன. ஜன்னலுக்கு ஜோடி ஏன் இரண்டு என்று ஜன்னலால் சொல்ல முடியாது, நாலால்தான் சொல்ல முடியும்.

இங்கே நடப்பது வெறும் கூட்டல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முனையில் நாலு நிற்கிறது, ஆறு ஆக என்ன வேண்டும் என்பதுதான் கேள்வி. கழித்தல் குறி இல்லாத கழித்தல். பாடப்புத்தகத்தில் கூட்டல் முதலில் வரும், கழித்தல் அடுத்த அத்தியாயம், விடுபட்ட எண்ணைக் கண்டுபிடி என்பது அதற்கும் பின்னால். இந்தத் தரையில் மூன்றும் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அவளுக்கு மூன்று என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

சில ஆட்டங்களுக்குப் பிறகு அவளாகவே ஒன்றைப் பிடித்தாள். முனையில் நாலு இருக்கும்போது 2-4 கட்டையை வைத்தால், இரண்டு ஒட்டிக்கொள்ள, மறுபக்கம் மறுபடி நாலே வந்து நிற்கிறது. "வச்சும் மாறவே இல்லை மாமா!" 1-5, 3-3, வெறும் பக்கமும் ஆறும் கொண்ட கட்டை எல்லாம் அப்படித்தான். தன் கூட்டுத்தொகையே ஆறாக இருக்கும் நாலு கட்டைகள். அவற்றை அவள் உடனே ஆயுதமாக்கிவிட்டாள். என்னிடம் நாலுக்குப் பொருந்தும் கட்டை இல்லை என்று தெரிந்தால் முனை மாறாமல் இருக்கும்படி அதை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். வஞ்சகத்துக்காகக் கற்ற கணக்கு மறப்பதில்லை என்று தோன்றுகிறது.

இருபத்தெட்டுக் கட்டைக்குள் நாற்பத்தொன்பது கணக்கு

டோமினோ கட்டையின் அமைப்பையே நான் அதற்குமுன் சரியாகப் பார்த்ததில்லை. 0 முதல் 6 வரையுள்ள எண்களை இரண்டிரண்டாகக் கூட்ட வாய்ப்பாடு எழுதினால் ஏழு ஏழு நாற்பத்தொன்பது கணக்கு வரும். பெட்டியில் இருப்பதோ 28 கட்டை. 5 + 2 என்பதற்கு ஒரு கட்டை, 2 + 5 என்பதற்கு வேறொரு கட்டை என்று கிடையாது. இரண்டும் ஒரே கட்டை, திருப்பிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். எண்களை மாற்றிக் கூட்டினாலும் விடை மாறாது என்று பலகையில் எழுதிக் காட்டினால் குழந்தை தலையாட்டும். கட்டையைத் திருப்பும் விரலுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை, அது கேள்வியாகவே எழுவதில்லை. இரட்டைக் கட்டைகள் ஏழும் இரட்டிப்புக் கணக்குகள்: வெறுமையும் வெறுமையும், ஒன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இப்படி ஆறும் ஆறும் வரை. குழந்தைகளுக்கு எளிதில் மனத்தில் தங்கும் கூட்டல்களும் இவைதான்.

கட்டைகளை மொத்தப் புள்ளிப்படி நிரல் பிரித்து அடுக்கினால் ஒரு மலை எழும்பும். பூஜ்ஜியத்துக்கு ஒரு கட்டை, ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு இரண்டு, நாலுக்கு மூன்று, ஐந்துக்கு மூன்று, உச்சியில் ஆறுக்கு நாலு. பிறகு அதே படிகளில் இறங்கிப் பன்னிரண்டில் ஒரே கட்டையோடு முடியும். மழை நாளில் இதை அடுக்கினோம். ஒன்பதின் நிரலில் ஒன்றுதான் இருந்தது. சரிவு ஓர் இடத்தில் பள்ளமாக இருப்பதைக் கண்டு, "இங்க ஒண்ணு குறையுது" என்றாள். 3-6 கட்டை நாற்காலிக்கு அடியில் கிடைத்தது. ஒரு பெட்டியில் ஒவ்வோர் எண்ணும் எட்டுத் தடவை வரும், மொத்தம் 168 புள்ளி என்பதெல்லாம் இதே சரிபார்ப்பின் பெரியவர் வடிவம்.

எண் உருவுக்குப் பதில் புள்ளி ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளியல் அறிஞர் 1871இல், பெட்டிக்குள் கறுப்பு அவரை விதைகளை வீசி, ஒரே பார்வையில் எத்தனை விழுந்தது என்று தன்னைத்தானே சோதித்துப் பார்த்தார். மூன்று, நாலு வரைக்கும் தவறே வரவில்லை. ஐந்திலிருந்து தவற ஆரம்பித்தது. பெரியவர்களுக்கே எண்ணாமல் பார்க்க முடிவது ஏறக்குறைய நாலு வரைக்கும்தான். பிறகு ஆறு புள்ளியை எப்படி ஒரே பார்வையில் அறிகிறோம்? மூன்று மூன்றாக நிற்பதால். ஐந்து, நாலைச் சுற்றி வைத்து நடுவில் ஒன்று வைத்ததால். அதாவது, ஆறைப் பார்க்கும் கண் ஏற்கெனவே அதைப் பிரித்துத்தான் பார்க்கிறது. "6" என்ற உருவத்துக்குள் அந்த மூன்றும் மூன்றும் தெரியாது. அதனால்தான் எண் உருவுகளை அவசரப்பட்டுக் கொண்டுவருவதில் எனக்கு விருப்பமில்லை. பூ, ஏணி என்று அவள் முதலில் ஆடிய ஆட்டமும் முழு வீண் இல்லை என்று இப்போது ஒத்துக்கொள்ளத் தோன்றுகிறது. கண்ணுக்கு அந்தப் பழக்கம் வந்திருந்ததால்தான் ஆறு ஆட்டத்தில் ஒவ்வொரு முனையையும் எண்ணி எண்ணித் திணறாமல் இருந்தாள்.

(புள்ளிக்குப் பதில் வண்ணத்துப்பூச்சி, கார், கண் சிமிட்டும் தவளை வரைந்த கட்டைகள் விற்பனைக்கு வருகின்றன. வேண்டாம். குழந்தை தவளையோடுதான் பேசும்.)

ஏழு ஆட்டம்

இனி, இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

ஆறு ஆட்டம் பழகியதும் ஏழு ஆட்டம் என்றேன். அதில் ஒரு சிக்கல் இருப்பது எனக்குத் தெரியும். வேண்டுமென்றே சொல்லவில்லை.

ஆறு ஆட்டத்தில் வெறும் பக்கத்தால் தொல்லையே இல்லை. அவள் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தாள்: "ஆறு தனியாவே ஆறா இருக்கு. அதுக்கு யாரும் வேணாம். அதான் வெறும் பக்கம்." அதாவது வெறும் பக்கம் அவள் மனத்தில் ஓர் எண் இல்லை. யாரும் தேவைப்படாத இடத்தை மூடி வைக்கும் ஒன்று. விதிப்படி பார்த்தால் சரி, விடையும் சரி. பரீட்சை வைத்திருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பார்கள்.

ஏழு ஆட்டத்தில் ஆறுக்கு ஜோடி ஒன்று, ஐந்துக்கு இரண்டு, நாலுக்கு மூன்று. விரலில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு சரளமாகப் போனாள். நான் நாலுக்கு ஒட்டுகிற மாதிரி ஒரு கட்டையை வைத்தேன். அதன் மறுபக்கம் வெறுமை. அவள் முறை. கையில் இருந்த ஆறை எடுத்து அருகில் கொண்டுபோனாள். நிறுத்தினாள். "ஆறுதான் ஆகுது." திரும்ப எடுத்துக்கொண்டாள். தன் கட்டைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு குவியலிலிருந்து இழுத்தாள், அதுவும் ஒட்டவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. இந்த இடத்தில் உதவிக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பதுதான் பெரியவர் செய்ய வேண்டிய வேலைகளிலேயே கடினமானது.

"இதுக்கு ஏழு வேணும் மாமா."

"அப்படியா?"

"ஆமா. இதுல ஒண்ணுமே இல்லல்ல. அப்போ அந்தப் பக்கம்தான் ஏழும் இருக்கணும்."

குவியலில் கவிழ்ந்து கிடந்த கட்டைகளையெல்லாம் புரட்ட ஆரம்பித்தாள். ஆட்ட விதி காற்றில் போயிற்று, போகட்டும். ஏழு இல்லை. நாற்காலிக்கு அடியிலும் பார்த்துவிட்டு வந்தாள். அங்கேயும் இல்லை. "பெட்டியிலயே ஏழு போடலையா?" என்று கோபமாகக் கேட்டாள். போடவில்லை என்றேன். ஒரு தாளைக் கிழித்து, ஏணியை வரைந்து, அதன் நடுவில் ஒரு புள்ளியை அழுத்தி வைத்து, வெறும் பக்கத்துக்கு எதிரில் வைத்தாள்.

நான் சொல்லாத, எங்கள் பெட்டியில் இல்லாத ஒரு கட்டை. பூஜ்ஜியத்துக்கும் ஏழுக்கும் உள்ள உறவை விதியிலிருந்து தானே பெயர்த்தெடுத்து, பெட்டியில் அது இல்லை என்று கண்டு, வரைந்தும் கொடுத்துவிட்டாள். யாரும் வேண்டாத இடத்தை மூடிக்கொண்டிருந்த வெறும் பக்கத்துக்கு இப்போது ஒரு தேவை வந்துவிட்டது. தேவை இருக்கிற ஒன்று எண்தானே.

இதை நான் மிகைப்படுத்துவதாக அக்கா நினைக்கிறாள். ஆனால் குழந்தைகளுக்குப் பூஜ்ஜியம் தாமதமாகத்தான் பிடிபடுகிறது. ஹென்றி வெல்மன், கெவின் மில்லர் இருவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், பூஜ்ஜியம் என்றால் ஒன்றுமில்லை என்று சரியாகச் சொல்லத் தெரிந்த குழந்தைகளே, பூஜ்ஜியம், ஒன்று இரண்டில் எது சிறியது என்று கேட்டால் ஒன்று என்பார்கள் என்று காட்டினார்கள். ஒன்றுமில்லாததை ஒப்பிட முடியுமா என்ன, அது வரிசையிலேயே இல்லையே என்ற எண்ணம். கட்டைகளின் வரலாற்றிலும் இந்தத் தாமதம் தெரிகிறது. சீனத்து டோமினோவில் 32 கட்டைகள். இரண்டு பகடைகளை உருட்டினால் விழக்கூடிய 21 சேர்க்கைகள், அவற்றில் பதினொன்று இரண்டு தடவை. பகடையில் வெறும் முகம் இல்லை, அதனால் அந்தக் கட்டைகளிலும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் தலைகாட்டிய ஐரோப்பியக் கட்டைகளில்தான் வெறும் பக்கம் சேர்ந்து, அந்த 21 இப்போதைய 28 ஆயிற்று. புள்ளி இல்லாத பக்கத்தையும் ஒரு பக்கமாக எண்ண வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

ஏழு ஆட்டம் என் கண்டுபிடிப்பு இல்லை. மாட்டடோர் என்ற பேரில் பழைய ஆட்டம் ஒன்று இதே விதியில்தான் ஓடுகிறது. வெறும் பக்கச் சிக்கலுக்கு அதில் ஒரு தீர்வும் உண்டு: மொத்தம் ஏழு வரும் மூன்று கட்டைகள் (1-6, 2-5, 3-4), இரண்டு பக்கமும் வெறுமையான கட்டை, இந்த நாலையும் எங்கு வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். வெறும் முனையைத் திறக்க இவற்றால் மட்டுமே முடியும். மறுநாள் இதைச் சொன்னேன். ஒத்துக்கொண்டாள், ஆனால் தாள் கட்டையையும் ஆட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். எங்கள் வீட்டில் மாட்டடோருக்கு ஐந்து கட்டை.

அடுத்து

மாட்டடோருக்கு அப்பால் போக நிறைய வழி இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திறந்த முனைகளின் கூட்டுத்தொகை ஐந்தின் மடங்காக வந்தால் மதிப்பெண் கொடுக்கும் ஆட்டம் ஒன்று உண்டு. ஏழெட்டு வயதுக்குச் சரியாக இருக்கும். ஒன்பது வரை போகும் 55 கட்டைப் பெட்டியில் பத்து ஆட்டம் ஆடலாம். எட்டோடு ஐந்தைக் கூட்ட இரண்டை எடுத்துப் பத்தாக்கி மீதி மூன்றைச் சேர்ப்பது என்ற மனக்கணக்கு வழிக்கெல்லாம் அடிப்படை பத்தின் ஜோடிகள்தான். அங்கேயும் வெறும் பக்கம் அனாதைதான். அதற்குப் பத்து வேண்டும்.

எண் உருவுகள் வந்தபின் நான் சிபாரிசு செய்வது, பெட்டி மூடும் ஆட்டம். 1 முதல் 9 வரை எழுதிய ஒன்பது சில்லுகள் நிற்கும். இரண்டு பகடைகளை உருட்டி, விழுந்த மொத்தத்துக்குச் சமமாகச் சில்லுகளைக் கவிழ்க்க வேண்டும். எட்டு விழுந்தால் எட்டைக் கவிழ்க்கலாம். ஏழும் ஒன்றும், ஆறும் இரண்டும், ஐந்தும் மூன்றும், ஐந்தும் இரண்டும் ஒன்றும், நாலும் மூன்றும் ஒன்றும் என்று ஆறு வழி. எதைச் செலவழிப்பது, எதை மிச்சம் வைப்பது? சின்ன எண்கள் எங்கும் செல்லுபடியாகும், பெரிய எண்கள் அப்படியில்லை என்பது பத்து நிமிட ஆட்டத்தில் தெரிந்துவிடும். இங்கேயும் எட்டுக்கு விடை சொல்லச் சொல்லி யாரும் நிற்பதில்லை. எட்டை எப்படி உடைக்கப்போகிறாய் என்பதுதான் ஆட்டமே.

தோற்பதைப் பற்றி மட்டும் ஒன்று. குழந்தைக்காக வேண்டுமென்றே தோற்பவர்களை எனக்குப் பிடிக்காது. குழந்தைக்கும் பிடிக்காது, கண்டுபிடித்துவிடும். கட்டை ஆட்டங்களில் கையில் என்ன விழுகிறது என்பதில் அதிர்ஷ்டம் பாதி இருப்பதால் ஐந்து வயதுக்காரியும் நாற்பது வயதுக்காரனும் நியாயமாகவே மாறி மாறி ஜெயிக்க முடியும். சதுரங்கத்தில் அந்த வசதி கிடையாது.

போன வாரம் எட்டு ஆட்டம் ஆடலாமா என்று கேட்டேன். கட்டையைக் கையில் எடுக்காமலேயே யோசித்தாள். "எட்டுன்னா வெறும் பக்கத்துக்கும் ஜோடி கிடையாது, ஒண்ணுக்கும் கிடையாது" என்றாள். ஒன்றுக்கு ஏன் கிடையாது என்று கேட்டேன். "அதுக்குத்தான் ஏழு வேணுமே. அது ஒண்ணே ஒண்ணு, நான் வரைஞ்சது." ஒன்பது? "ரெண்டும் போச்சு." அப்படியே பத்து, பதினொன்று என்று ஒவ்வொரு எண்ணாகக் கட்டைகளை ஆட்டத்திலிருந்து தள்ளிக்கொண்டே போனாள். நானும் விடாமல், பன்னிரண்டு ஆட்டம் ஆடினால் என்ன என்றேன்.

"ஆறுக்கு ஆறு மட்டும்தான் ஒட்டும். மத்தது எல்லாம் சும்மா உக்காந்திருக்கும். அது ஆட்டமே இல்ல மாமா, ஏழே ஆடலாம்" என்று சொல்லிவிட்டுக் கட்டைகளைக் கவிழ்த்துக் கலைக்க ஆரம்பித்தாள்.